பழுக்காத கட்டி

கொழுப்புக் கட்டி என்று இன்று சொல்லப்படுவதற்குக் கழலை என்பது பழைய பெயர். தோலுக்கும் அதன் அடியிலுள்ள தசைக்கும் நடுவே, மெல்லிய உறை ஒன்றுக்குள் கொழுப்பு திரண்டு, பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். சிலருக்கு அதையும் தாண்டும். அமுக்கினால் பிசைந்த மாவு போல இளகும். ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் வழுக்கி நகரும். பெரும்பாலும் வலிக்காது, பழுக்காது, காய்ச்சல் தராது. தோள், முதுகு, பிடரி, மேற்கை, தொடை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். நடுவயதுக்காரர்களிடம் மிகுதி, சில குடும்பங்களில் தகப்பனுக்கும் மகனுக்கும் கை நிறைய இருக்கும். இவ்வளவு சாதுவான ஒன்றை மனிதர்கள் எப்போது கவனித்தார்கள், எப்போது கவலைப்பட்டார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. மதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து அதைப் பார்க்கலாம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், வைகையின் வடகரையில், விளாங்குடிக்கும் சமயநல்லூருக்கும் இடையே இருப்பது பரவை. கண்மாயும் நஞ்சையுமாக இருந்த ஊருக்கு மீனாட்சி மில் வந்தது. பிற்காலத்தில் காய்கறி மொத்தச் சந்தையும் வந்தது. வயலிலும் ஆலையிலும் சந்தையிலும் உடம்பை முதலாக வைத்துப் பிழைத்த ஊர்களில் ஒரு கட்டி கவனிப்புக்கு வருவது அது வேலையைத் தடுக்கும்போதுதான். மதுரைச் சமவெளி முழுவதற்கும் இது பொருந்தும்.

இந்தக் கணக்கு சொற்களிலேயே தெரிகிறது. பேச்சில் தோலில் எழும்பும் எதுவும் கட்டிதான். ஆனால் அதற்குள் உள்ள பிரிவுகள் நுணுக்கமானவை. சித்திரை வெயிலில் வருவது வேனல் கட்டி. காலில் புண் பட்டால் தொடையிடுக்கில் உருள்வது நெறி. ‘நெறி கட்டியிருக்கு’ என்றாலே கீழே எங்கோ புண் இருக்கிறது என்று பொருள். முதுகில் பல கண் வைத்துச் சீழ் கோப்பது பிளவை. சர்க்கரை நோயாளிகளைச் சாய்த்துவிடும் பெரும் பிளவைக்கு ராஜபிளவை என்று பட்டமே உண்டு. கழுத்தைச் சுற்றி மாலை கோத்தது போல எழுவது கண்டமாலை; அதில் பெரும்பகுதி காசநோயால் வந்த நெறிக்கட்டு என்பது பின்னாளில் தெரிந்தது. காதுக்குக் கீழே வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. உள்ளே அரித்துக்கொண்டே போய் வெளியே வாய் திறப்பது புற்று. கறையான் புற்றைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. இந்தப் பெயர்களில் பல, கட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்கின்றன: பிளக்கிறது, வரிசை கட்டுகிறது, அரிக்கிறது. எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் கட்டிக்கு மிஞ்சியது கழலை.

கழலை என்றதும் கழலுதல் நினைவுக்கு வரும். வளையல் கழலுகிறது, அச்சு கழலுகிறது என்பது போலப் பிடிக்கு நிற்காமல் நழுவும் கட்டிக்கு அந்தப் பெயர் அழகாகப் பொருந்துகிறது. இன்றைய அறுவை மருத்துவ மாணவருக்கும் கொழுப்புக் கட்டியின் முதல் அடையாளமாகக் கற்பிக்கப்படுவது விரலின் கீழ் நழுவும் அந்த ஓரம்தான். ஆனால் சொல் அதோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அயோடின் குறைவால் வரும் தைராய்டு வீக்கம் ‘முன்கழுத்துக் கழலை’ ஆனது. அதனால் படித்த தலைமுறைக்குக் கழலை என்றால் கழுத்து வீக்கம். தோளில் இருப்பது ‘கொழுப்புக் கட்டி’.

சித்த மருத்துவம் உடலை ஏழு கட்டுகளாகப் பிரிக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வெண்ணீர். நான்காவதாக நிற்கும் கொழுப்பு தன் இடத்தில் அளவு மீறித் திரண்டால் கட்டியாகும் என்பது விளக்கம். நோயை அறிய அது சொல்லும் எண்வகைத் தேர்வில் ஒன்று ஸ்பரிசம், அதாவது தொட்டறிதல். சூடா, குளிர்ச்சியா, கெட்டியா, இளக்கமா என்பதைக் கை சொல்ல வேண்டும். வடமொழியில் சுசுருத சம்ஹிதை கொழுப்பால் வரும் கட்டியைத் தனியே பிரித்து விவரிக்கிறது: வழுவழுப்பானது, பெரிதாவது, வலி குறைந்தது, அரிப்புள்ளது, உடல் பெருத்தால் தானும் பெருத்து, உடல் இளைத்தால் தானும் இளைப்பது, உடைந்தால் எள்ளுப் பிண்ணாக்கும் நெய்யும் கலந்தது போலக் கசிவது.

இந்த விவரிப்பைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெரிதாகும், வலி குறைவு என்பவை இன்றைக்கும் சரி. பிண்ணாக்கு போல வெளிவருவது கொழுப்புக் கட்டியின் குணமன்று. தோலில் உண்டாகும் பைக்கட்டியின் குணம். அதை அமுக்கினால் நாற்றமுள்ள வெண்பசை வரும். ஆக, பழைய மருத்துவர்களின் கையில் இரண்டு வெவ்வேறு கட்டிகள் ஒரே பெயரில் சேர்ந்திருந்தன. உடம்பு இளைத்தால் கட்டி இளைக்கும் என்பதும் இன்றைய அனுபவத்தோடு ஒத்துப்போவதில்லை. பட்டினி கிடந்து எடை குறைத்தவருக்குச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து, கட்டி முன்னைவிட எடுப்பாகத் தெரிவதே வழக்கம். ‘இளைச்ச பிறகுதான் கட்டி வந்துச்சு’ என்று வருபவர்களில் பலருக்கு அது முன்பே இருந்ததுதான்.

கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் எப்போதுமே வைத்தியர் அல்லர். ஆண்களுக்குச் சனியும் புதனும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்திருந்த எண்ணெய்க் குளியல், வாரந்தோறும் உடம்பை முழுதாகக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கமாகவும் இருந்தது. முதுகில் தன் கை எட்டாது. எண்ணெய் தேய்த்துவிடும் தாயோ மனைவியோ சொல்லித்தான் அது தெரியவரும். பெண்களுக்கு ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் இறுக்குவது அறிகுறி. தலையிலும் பிடரியிலும் உள்ளதை முதலில் பார்த்தவர் முடி திருத்துபவர். கத்தி தட்டுப்பட்டால் இரத்தம் வரும் என்பதால் இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்குத் தொழில் தேவை. அச்சமூகத்தாருக்கு மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் வழங்கியது வெறும் மரியாதைக்காக அன்று. கட்டி கீறுவதும் புண் கட்டுவதும் ஆண்களின் கையிலும், பிரசவம் பார்ப்பது அவர்கள் வீட்டுப் பெண்களான மருத்துவச்சிகளின் கையிலும் இருந்தன. ஊரில் யாருக்கு எங்கே என்ன கட்டி, போன தீபாவளிக்கு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்பதெல்லாம் எழுதாத பதிவேடாக ஒருவர் தலைக்குள் இருந்ததென்றால், அது அந்தப் பண்டிதரின் தலைதான்.

கண்டதும் எழும் கேள்வி ஒன்றே: பழுக்குமா? வீட்டு வைத்தியம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில். மஞ்சள் பற்று, அந்திமந்தாரை இலையை வதக்கி வைத்துக் கட்டுவது, எருக்கிலை ஒற்றடம், சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் போடுவது ஆகிய எல்லாமே கட்டியைப் பழுக்கவைத்து உடைப்பதற்கானவை. சீழ் உள்ள கட்டிக்கு இது பலன் தந்தது. கழலையோ எவ்வளவு பற்றுப் போட்டாலும் பழுக்காது. ஆகவே அடுத்த படியாகக் காரத்துக்குப் போனார்கள். கொடிவேலி வேரும் சேராங்கொட்டைப் பாலும் தோலைப் பொசுக்கும் சரக்குகள். சேராங்கொட்டையின் கறை அழியாது என்பதால் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட அதைப் பயன்படுத்தினர். அதே பால் மேலே பட்டால் கொப்புளமும் ஊறலும் கிளம்பும். கட்டியின் மேல் அதை வைத்தால் மேல்தோல் வெந்து புண்ணாகும். அடியிலுள்ள கொழுப்பு அப்படியே இருக்கும். கழலையை விடப் புண்ணால் அவதிப்பட்டவர்களே இதில் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

சித்த மருத்துவம் சொல்லும் முப்பத்திரண்டு புறமருந்துகளில் பற்று, ஒற்றடம், பூச்சு போன்ற மென்மையானவற்றோடு சுட்டிகை, சலாகை, கீறல், காரம், அட்டை விடல், அறுவை ஆகியவையும் உண்டு. ஏட்டில் இருந்த அறுவை, ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் சீழ்க் கட்டியைக் கீறுவதோடு நின்றுவிட்டது. காம்பு உள்ள மருவைக் குதிரை வால்மயிரால் இறுகக் கட்டி உதிரவிடுவார்கள். அடிப்பகுதி அகன்ற கழலைக்கு மயிர் கட்ட வழியில்லை.

பழுக்கவும் மறுத்து, காரத்துக்கும் அசையாத கட்டிக்கு எஞ்சியது கோயில். உப்பும் மிளகும் வாங்கிக் காணிக்கையாகப் போடுவது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். மரு, பாலுண்ணி, கட்டி ஆகியவற்றுக்கு அதுவே நேர்ச்சை. வைத்தீஸ்வரன் கோயிலில் சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். நீரில் வெல்லம் கரைவது போல உடம்பில் கட்டி கரைய வேண்டும் என்பது வேண்டுதல். இதன் தருக்கம் எளிது: உப்பும் வெல்லமும் தாமே கட்டிகள், கரையக்கூடியவை. கரையாத கட்டியைப் பார்த்துச் சலித்தவர்களின் ஆசை அதில் தெரிகிறது. அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவிக் குழம்பால் எழுதிக்கொள்வது போன்ற வழக்கங்களும் இந்த வரிசையில் சேரும். அக்கி சில வாரங்களில் தானாகவே ஆறும் என்பதால் எழுதியவருக்கும் பேர் கிடைத்தது. கழலை அப்படி யாருக்கும் பேர் வாங்கிக் கொடுத்ததில்லை.

பரவையிலிருந்து வைகையை ஒட்டி மேற்கே போனால் வரும் திருவேடகம், நோயும் நம்பிக்கையும் மோதிய கதைக்குப் பெயர்பெற்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட பாண்டியனுக்கு வந்த வெப்பு நோயைச் சமணர்களால் தணிக்க முடியாமல் போக, ஞானசம்பந்தர் திருநீறு பூசித் தணித்ததாகவும், வாதில் அவரது ஏடு வைகையின் வெள்ளத்தை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் கரை சேர்ந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. கூன்பாண்டியனின் கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனதும் அந்தக் கதையில்தான். முதுகில் உள்ள ஒரு மேடு அரசனின் பெயரையே தீர்மானித்தது. குடிமக்களுக்கும் அப்படித்தான்: உடம்பில் தெரியும் மேட்டை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது இச்சமவெளியின் ஊர்களில் நேற்றுவரை சாதாரணம். அப்படிப் பெயர் வாங்கிய கட்டி, அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் கட்டியாகத் தெரியாமல் போனது.

கத்தியை நம்பிப் போவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே சாத்தியமானது. அதற்கு முன்பு உலகின் பெரும்பாலான இடங்களில் கட்டி எடுப்பது வலியோடுதான். 1821-ல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையிலிருந்த கட்டியை ஆஸ்ட்லி கூப்பர் அறுத்தெடுத்தபோது மயக்க மருந்து கிடையாது. மன்னர் தாங்கிக்கொண்டார், கூப்பருக்குப் பட்டம் கிடைத்தது. அது கழலைகூட அன்று, பிண்ணாக்குப் பசை கொண்ட பைக்கட்டி. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து ஊரறியச் செய்த முதல் அறுவையும் கழுத்துக் கட்டி ஒன்றை எடுப்பதற்காகவே நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் கத்தி எட்டும் இடத்தில் இருக்கும் கட்டிகளில்தான் அறுவை மருத்துவம் புதியவற்றைச் சோதித்துப் பார்த்தது.

தமிழில் அந்த அறிவு யாழ்ப்பாணம் வழியாக வந்தது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேனாட்டு அறுவை நூல் ஒன்றைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867-ல் வெளியிட்டார். மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். அதே ஆண்டில்தான் பிரிட்டனில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் அழுகுவதைத் தடுக்கும் முறையை எழுதினார். மயக்க மருந்து வலியைப் போக்கியது, லிஸ்டரின் முறை சாவைக் குறைத்தது. இரண்டும் சேர்ந்த பிறகே வலிக்காத கட்டிக்காகக் கத்தியைத் தேடிப் போவது புத்திசாலித்தனமாயிற்று.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் 1834-ல் மதுரையில் கிளை தொடங்கியது. 1890-களில் மருத்துவர் ஃபிராங்க் வான் ஆலன் மதுரையில் அறுவைகள் செய்துவந்தார். மிஷன் ஆஸ்பத்திரி இருந்த கீழவெளி வீதி வைகையின் தென்கரை. வடகரையில் உள்ள பரவைக்காரர்களுக்கு ஆறு குறுக்கே நின்றது. 1875-ல் திருச்சி–மதுரை ரயில் பாதையும் 1889-ல் ஆல்பர்ட் விக்டர் பாலமும் வந்தது அந்தத் தூரத்தைச் சுருக்கியது. வெள்ளக் காலத்தில் ஆற்றைக் கடந்து போய், வலிக்காத கட்டியைக் காட்டுவதற்கு அதற்கு முன் யாருக்கும் மனம் வந்திருக்காது.

1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கினின் பெயரைத் தாங்கிய அரசு மருத்துவமனை கோரிப்பாளையத்தை ஒட்டி, வடகரையிலேயே அமைந்தது. பின்னர் ராஜாஜி பெயர் சூட்டப்பட்டாலும் ஊர் வாயில் அது பெரியாஸ்பத்திரிதான். 1954-ல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அங்கே கட்டிகள் பாடமாயின. அறுவைச் சிகிச்சை இறுதித் தேர்வில் மாணவருக்குக் கொடுக்கப்படும் ‘ஷார்ட் கேஸ்’களில் கழலைக்கு நிரந்தர இடம் உண்டு. கட்டியோடு வந்த கிராமத்தவர் ஒருவர் பத்துப் பேர் கைபட்டு, எங்கே, எவ்வளவு நாளாக, வளர்ந்ததா, வலித்ததா என்று ஒரே கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொல்வார். தன் கட்டியைப் பற்றி அவர் அவ்வளவு யோசித்தது அன்றுதான் முதல் முறையாக இருக்கும்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. சம்பளம் போகாமல் மருத்துவரைப் பார்க்க வழி கிடைத்ததும், இடுப்பில் கயிறு இறுக்கும் இடத்துக் கட்டியையும் பிடரிக் கட்டியையும் எடுத்துக்கொள்ள வந்தார்கள். சந்தைச் சுமைதூக்குபவர்களின் நிலை வேறு. தினம் மூட்டை ஏறும் தோளில் தோல் தடித்துக் காய்ப்பு விழும். நுகத்தடி பட்ட மாட்டின் கழுத்தைப் போல. அதன் அருகில் கழலை ஒன்று வளர்ந்தாலும் காய்ப்பின் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவனிப்பின் திசையே மாறியது. பழைய கணக்கில் வலியும் சீழும் ஆபத்து, வலிக்காதது நிம்மதி. புற்றுநோய் பற்றிய அறிவு பரவியபோது வலியின்மையும் சந்தேகத்துக்கு வந்தது. முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-ல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் தமிழ்நாட்டில் அந்த அறிவு ஊன்றிய இடம். கொழுப்பு அணுக்களில் தோன்றும் புற்று அரிதானது. அதுவும் சாதுவான கழலை மாறி உண்டாவதைவிட, தொடையின் ஆழத்திலும் வயிற்றின் பின்பக்கத்திலும் தானாகத் தொடங்குவதே வழக்கம். ஆனால் தொடக்கத்தில் அதுவும் வலிக்காது. வெளியிலிருந்து தொடும் கைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றக்கூடும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே மருத்துவர்கள் இப்போது கேட்பது கட்டி எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்படி இருந்தது என்பதை. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டதா, அதாவது நல்ல எலுமிச்சையை விடப் பெரிதா? பத்து ஆண்டு அசையாமல் இருந்தது சில மாதங்களில் வளர்ந்ததா? வழுக்கி நகர்ந்தது இப்போது தசையோடு ஒட்டி நிற்கிறதா? இளக்கம் போய்க் கெட்டியானதா? எடுத்த இடத்திலேயே மறுபடி வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஸ்கேன் எழுதித் தருகிறார்கள். தோலடிக் கழலை அல்ட்ராசவுண்டில் தோலுக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடுகளோடு முட்டை வடிவில் தெரியும். ஆழத்தில் இருப்பதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். சந்தேகம் தீராதபோது ஊசியால் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சாதாரணக் கொழுப்பைப் போலவே தோற்றமளிக்கும் புற்று வகை ஒன்றைப் பிரித்தறிய, பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள எம்.டி.எம்.2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இப்போது உண்டு.

வலி வந்தால் உடனே புற்று என்று பதறுவதும் தவறு. இரத்தக் குழாய்கள் மிகுந்த ஒரு வகைக் கழலை இயல்பாகவே வலிக்கும். இளைஞர்களின் முன்கையில் அது அதிகம். நரம்பின் மேல் அழுத்தினாலும் வலிக்கும். உடல் முழுவதும் வலிமிக்க கொழுப்புக் கட்டிகள் தோன்றும் அரிய நோய் ஒன்றை அமெரிக்க மருத்துவர் டெர்கம் 1892-ல் விவரித்தார்; அவர் பெயரிலேயே அது வழங்குகிறது.

பழைய கவனிப்பில் இருந்த ஒன்று இந்தப் புதிய முறையில் குறைகிறது. வாராந்தர எண்ணெய்க் குளியல் தீபாவளிக்கு மட்டும் என்றாகி, முடிதிருத்தகத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், கட்டி எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வெளிச்சாட்சி இல்லை. ‘ரொம்ப நாளா இருக்குங்கய்யா’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் வரலாறு. செல்போனில் எடுத்த பழைய கல்யாணப் படத்தில் பிடரியைப் பெரிதாக்கிக் காட்டுபவர்களும் உண்டு. அதுவே சில நேரம் மருத்துவருக்குக் கிடைக்கும் திடமான சான்று.

சிறிய கழலையை எடுப்பது இன்று அரை மணி நேர வேலை. மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலின் இயல்பான மடிப்பை ஒட்டிக் கீறி, உறையோடு கட்டியைப் பிதுக்கி வெளியே எடுப்பார்கள்; நன்றாகப் பிரிந்தால் பலாச்சுளை போல மஞ்சளாக முழுதாக வரும். திசுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தையல் போடுவார்கள். இடத்தைப் பொறுத்து ஏழு முதல் பதினான்கு நாளில் தையல் பிரிக்கப்படும். உறை முழுதாக வராமல் ஒரு துண்டு உள்ளே தங்கினால் அந்த இடத்தில் கட்டி மீண்டும் எழும்பலாம். கழலையை விடக் கொடிய அர்புதம் என்ற கட்டியைப் பற்றி எழுதும்போது சுசுருத சம்ஹிதையும் இதைச் சொல்லியிருக்கிறது: மிச்சம் வைத்து அறுக்கப்பட்டது விரைவில் திரும்ப வளரும். அப்படித் திரும்ப வந்த கட்டியை எடுக்கும்போது, முதலில் எடுத்ததன் பரிசோதனைத் தாள் கையில் இருக்கிறதா என்று அறுவை மருத்துவர் கேட்பார். அது தொலையாமல் இருக்க வேண்டும்.